மூன்று பேருக்கான பாலிசி

எங்கள் வகுப்பில் யாருக்காவது மருத்துவக் காப்பீட்டைப் பற்றிச் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். எம்.காம். படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தானாகத் தெரிந்திருக்கும் என்று வெளியில் நினைக்கிறார்கள். எங்களுக்குப் பாடமாக இருப்பது காப்பீட்டுச் சட்டங்கள். ஒரு குடும்பம் எந்த பாலிசியை எடுக்கலாம், எடுக்கும்முன் என்ன கேட்க வேண்டும் என்பது எந்தத் தாளிலும் வராது. திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில், உட்கார இடம் கிடைத்த நாட்களில் உட்கார்ந்தும் கிடைக்காத நாட்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டும், கைப்பேசியில் படித்துத்தான் நான் அதைத் தெரிந்துகொண்டேன். அப்படிப் படித்து எங்கள் வீட்டுக்கு நானே ஒரு பாலிசியும் எடுத்தேன். போன ஆடியில் எனக்கு உடம்புக்கு வந்தபோது அது எனக்கு உதவவில்லை. ஏன் உதவவில்லை என்று கேட்கிற தோழிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்லிச் சமாளித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அரக்கோணம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை. சுற்று வட்டாரத்தில் கிணற்று மோட்டார், போர் மோட்டார் எது புகைந்தாலும் அவரிடம்தான் வரும். அம்மா வீட்டையும் இரண்டு மாடுகளையும் பார்த்துக்கொள்கிறாள். தம்பி திலீப் டிப்ளமோ படிக்கிறான். என் பெயர் பவித்ரா. நான்கு பேர்தான் வீட்டில்.

நான் பி.காம். முதலாண்டு படிக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. அதற்காக அடகுக்குப் போன நகைகளில் பாதி திரும்பி வரவே இல்லை. அதன்பிறகுதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. முதலில் கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். கட்டணத்தோடு சேர்த்து மாணவர் காப்பீடு என்று பிடிக்கிறீர்களே, அதில் ஆஸ்பத்திரிச் செலவு வருமா என்று. அங்கிருந்த பெண் அலுவலர் நல்லவர். அது விபத்துக்கு மட்டும், காய்ச்சலுக்கோ ஆபரேஷனுக்கோ வராது என்று தெளிவாகச் சொன்னார். அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். கடைக்காரனுக்கு எப்படித் தருவார்கள் என்று நைனா தாலுகா ஆபீஸ் பக்கமே போகவில்லை. மிச்சம் இருந்தது தனியார் பாலிசிதான்.

முரளி பாவா அந்த வேலையில் இருந்தார். நைனாவின் அக்கா மகன், நகரியில் குடும்பத்தோடு இருக்கிறார், இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு ஏஜெண்ட். அவரை வீட்டுக்கு வரவழைத்து, நான் எழுதி வைத்திருந்த கேள்விகளையெல்லாம் கேட்டேன். அறை வாடகைக்கு வரம்பு உண்டா, எந்த நோய்க்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேரலாம். பாவா சிரித்துக்கொண்டே நைனாவிடம், மாமா, என் வேலைக்கு இவ உலை வெச்சிடுவா போல என்றார். நைனாவுக்கு அன்று எவ்வளவு பெருமை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கேள்விகளைச் சொல்லியிருக்கிறார்.

நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பாலிசி. காத்திருப்புக் காலம் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பாலிசி எடுத்தவுடன் எல்லா நோய்க்கும் பணம் தரமாட்டார்கள். குடலிறக்கம், கண்புரை, பித்தப்பைக் கல் போன்ற சிலவற்றுக்கு இரண்டு வருடம் விடாமல் கட்டியிருக்க வேண்டும். அந்த இரண்டு வருடம் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கணக்காகும். நடுவில் ஒருவர் பெயர் விட்டுப்போனால், மறுபடி சேர்க்கும்போது அவருக்கு முதலிலிருந்து ஆரம்பம்.

சனி ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பேன். அந்தப் பணத்தில் என் பங்கு என்று பிரீமியத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடுவேன். முதல் தடவை கட்டியதும், அடுத்த வருடம் புதுப்பித்ததும் நான்தான். போன வருட ஏப்ரலில் எனக்கு எம்.காம். முதலாண்டுப் பரீட்சை. நைனா என்னிடம் வந்து, "நீ பரீட்சையப் பாரும்மா, இத நான் முரளிகிட்ட சொல்லிக் கட்டிடறேன்" என்றார். டியூஷன் பணத்தை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என்மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. புது அட்டை வந்ததா என்று ஒருமுறை கேட்டேன். வரும் என்றார். அப்புறம் மறந்துவிட்டேன். பழைய அட்டையின் படம் என் கைப்பேசியில் இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் திருத்தணி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காவடிக் கூட்டத்தில் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழையாது. வீட்டில் உறவுக்காரர்கள் கூட்டம், வடை, பாயசம். அன்று மதியம் சாப்பிட்டு எழுந்ததும் மேல்வயிற்றில் ஒரு வலி. முன்பும் இரண்டொரு தடவை அப்படி வந்து போயிருந்தது. வாயு என்று சோடா குடித்தேன். இந்த முறை சோடாவோடு வாந்தியும் வந்தது. வலி வயிற்றிலிருந்து நேராக முதுகுக்குப் போய், அங்கே யாரோ கட்டையால் அழுத்துவதுபோல நின்றுகொண்டது. படுத்தால் கூடியது. முட்டியைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைந்தது. அப்படியே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

காலையில் ஊர் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு, இது வெறும் வாயுவாகத் தெரியவில்லை, ஸ்கேன் எடுங்கள் என்றார்கள். ஸ்கேன் எடுத்தவர் அதிகம் பேசவில்லை. உடனே பெரிய இடத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று மட்டும் சொன்னார். திலீப் ஒரு காரைப் பிடித்து வந்தான். திருவள்ளூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னது நான்தான். எங்கள் பாலிசியின் பட்டியலில் அது இருக்கிறது, பணம் கட்டாமல் சேரலாம் என்று காரில் சுருண்டு படுத்துக்கொண்டே சொன்னேன். முன் இருக்கையில் இருந்த நைனா திரும்பிப் பார்க்கவில்லை. பதற்றத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்த டாக்டர் பொறுமையானவர். என் வயதுப் பெண்களுக்கே இது வருகிறது என்றார். ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைக்கும் சின்னப் பை பித்தப்பை. எனக்கு அதில் கற்கள். அதில் ஒன்று நழுவி, குடலுக்குப் போகும் குழாயில் அடைத்துக்கொண்டது. அந்த வாயிலில்தான் கணையத்தின் குழாயும் வந்து சேர்கிறது. வழி அடைத்தால் கணையம் சுரக்கும் செரிமான நீர் உள்ளேயே தங்கி, கணையத்தையே அரிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் முதுகுவரை வலி. இப்போதைக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, எல்லாம் நரம்பு வழியாகத்தான், வீக்கம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். எந்தப் பக்கம் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். பெரும்பாலும் அடங்கிவிடும், சிலருக்குச் சிறுநீரகம், நுரையீரல் எல்லாம் பாதிக்கும் என்று அவர் மறைக்காமல் சொன்னார். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு சின்னத் தைரியமும் இருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், எங்களுக்கு ஏப்ரலோடு இரண்டு வருடம் முடிந்துவிட்டது. வலிக்கு நடுவில் அதைத்தான் நினைத்தேன். நகை போகாது, நிலம் போகாது. நான் செய்த ஒரு காரியம் வீட்டைக் காப்பாற்றுகிறது. வலி ஊசியின் மயக்கத்தில் அதை நைனாவிடம் சொல்லவும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார்.

காப்பீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டபோதெல்லாம், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். மறுநாளும் அதே பதில். அன்று மதியம் கீழே இன்ஷூரன்ஸ் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், என் கட்டிலுக்கே வந்தாள். நான் சேரும்போது திலீப்பிடம் கொடுத்தனுப்பிய பழைய அட்டையின் எண்ணை வைத்து அவளாகவே பார்த்திருக்கிறாள்.

"நீங்கதானே பவித்ரா? பாலிசி நடப்புலதான் இருக்குது. ஆனா அதுல மூணு பேருதான் இருக்காங்க. உங்க பேரு இல்லயே."

சரியாகப் பாருங்கள், நான்கு பேர் என்றேன். அவள் கையிலிருந்த டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள். நைனா பெயர், அம்மா பெயர், திலீப் பெயர். நைனா ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

"ஏதோ தப்பா ஏறியிருக்கும். முரளிகிட்ட கேக்கலாம்" என்றார்.

நான் அப்போதே என் போனை நைனாவிடம் கொடுத்து, பாவாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நான் விஷயத்தைச் சொன்னேன். பாவா முதலில் கேட்டது, மாமா பக்கத்தில் இருக்கிறாரா என்றுதான். இருக்கிறார் என்றேன்.

"எங்க சைடுலதான் ஏதோ தப்பு ஆயிருக்கும் பவி. நான் பாக்கறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூச்சு விட்டாலே வயிறு இழுக்கும் நேரம் அது. அப்படியும் விட்டு விட்டு அவரைத் திட்டினேன். சொந்தக்காரன் என்று நம்பி உங்களிடம் கொடுத்தோமே, கமிஷன் மட்டும் வாங்கத் தெரியுமா, என் உயிரோடு விளையாடிவிட்டீர்களே என்று. அந்த வார்டே கேட்டிருக்கும். பாவா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. ஆங், ஆங் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நைனா அந்த போனைத் தன் உள்ளங்கையில் வைத்து எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கை கொஞ்சம்கூட ஆடவில்லை.

சாயங்காலம் டாக்டரே என் கட்டிலருகே வந்து எங்களிடம் சொன்னார். குழாயில் இருக்கும் கல்லை எடுக்க வேண்டும், பிறகு பித்தப்பையையும் எடுக்க வேண்டும், கையிலிருந்து கட்டினால் தாங்கமாட்டீர்கள், சென்னையில் அரசுப் பெரிய ஆஸ்பத்திரியில் இதே வேலையை நன்றாகவே செய்கிறார்கள், இப்போது இவளை அசைத்துக் கொண்டுபோகலாம் என்று. அதுவரை ஆனதற்கு அம்மாவின் மிச்ச வளையல்கள் போயின. காலையில் 108 வந்தது. உடன் ஒருவர்தான் வரலாம் என்றார்கள். திலீப் ஏறிக்கொண்டான். நைனாவும் அம்மாவும் ரயிலில் வருவதாக ஏற்பாடு.

வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் நான் மறுபடி பாவாவைத் திட்ட ஆரம்பித்தேன். திலீப் பாட்டிலிலிருந்து இறங்கும் குளுக்கோஸ் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பாவாவத் திட்டாத. அவரு ஒண்ணும் பண்ணல. நைனாதான் உன் பேர எடுக்கச் சொன்னாரு."

முதலில் எனக்கு அது காதில் ஏறவில்லை. எந்தப் பேரை என்று கேட்டேன். அவன் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். பாலிசிக் கணக்கில் நைனாவின் வயது அடுத்த படிக்குப் போனதால் பிரீமியம் ஏறிவிட்டது. திலீப்புக்கு அப்போதுதான் பைக் வாங்கியிருந்தார்கள், அதன் மாதத் தவணை வேறு. யாராவது ஒருவரைக் குறைத்தால் பழைய தொகைக்கு வந்துவிடும். திலீப் பைக்கில் போகிறவன், அவனை எடுக்கக் கூடாது. பவிக்குத்தான் புத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு ஓர் இடம் வந்திருக்கிறதே, இன்னும் ஒரு வருடத்தில் போகிறவள்தானே என்று முடிவானது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஆங்."

"உனக்கு?"

"தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும்."

வண்டிக்குள் இருந்த மருத்துவ உதவியாளர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, பேச வேண்டாம், ஓய்வாக இருங்கள் என்றார். நான் பேசவில்லை. பூந்தமல்லி தாண்டும்வரை அழுதேன். அழும்போது வயிறு குலுங்கி வலித்தது, அதனால் அழுகையையும் அடக்கி அடக்கித்தான் அழ வேண்டியிருந்தது. திலீப்பும் அழுதான். நான் கட்டிய பாலிசியில் நான் இல்லை. நான் கொடுத்த டியூஷன் பணம் அதற்குள் போயிருக்கிறது. மூன்று பேர் அதைத் தெரிந்துகொண்டே மூன்று மாதம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தூர் இடமும் ஆனியிலேயே தட்டிப்போய்விட்டது. அதன்பிறகாவது ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் வார்டு நிரம்பி வழிந்தது. கட்டில் கிடைக்கும்வரை தள்ளுவண்டியிலேயே வைத்திருந்தார்கள். சத்தம், பினாயில் வாடை, எந்நேரமும் யாராவது யாரையாவது கூப்பிடும் குரல். ஆனால் வேலை நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், கணையத்தில் வீக்கம் மட்டும்தான், அழுகல் இல்லை என்றார்கள். அழுகல் இல்லை என்பதை அந்த இளம் டாக்டர் இரண்டு முறை சொன்னதால், அதுதான் நாங்கள் பயந்திருக்க வேண்டிய விஷயம் என்று புரிந்தது. வீக்கம் கொஞ்சம் வடிந்த பிறகு, வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இரைப்பை தாண்டி விட்டு, அடைத்திருக்கும் கல்லை எடுப்பார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. பித்தப்பையை எடுப்பது அதற்குப் பிறகு.

ஆண்களை இரவில் பெண்கள் வார்டில் விடமாட்டார்கள். பகல் முழுக்க நைனா இருந்தார். கடையைப் பூட்டிவிட்டார். சொல்வதைச் சொல்லிவிட வேண்டும், அவரைப்போல ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாது. தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றிக்கொண்டே இருப்பார். குளுக்கோஸ் பாட்டில் தீரும் முன்னாலேயே நர்ஸிடம் போய் நிற்பார். என் கால் சில்லென்று இருந்தால் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொள்வார். காயில் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன கைகள். பக்கத்துக் கட்டிலில் திருவாலங்காட்டிலிருந்து வந்த சாந்தா என்கிற அக்கா இருந்தார், கரும்பு வெட்டப் போன இடத்தில் வயிற்றுவலி வந்து சேர்ந்தவர். அவர் என்னிடம், "உங்கப்பா மாதிரி யாருக்குக் கெடைக்கும் கண்ணு, குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

எனக்குத் தெரிந்துவிட்டது என்று நைனாவுக்குத் தெரியும். திலீப் சொல்லியிருப்பான். ஆனாலும் அவராக வாயைத் திறக்கவில்லை. நான் பேசினால் பதில் சொல்வார், பேசாவிட்டால் பஞ்சை நனைப்பார். அந்த மௌனத்தை என்னால் வலியைவிடத் தாங்க முடியவில்லை. வலிக்கு ஊசி இருந்தது.

ஒரு மதியம் அம்மா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் கேட்டுவிட்டேன்.

"ஏன் நைனா எடுத்தீங்க?"

அவர் பஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தார். "பிரீமியம் ஏறிடுச்சிமா. ஒருத்தர எடுத்தாத்தான் கட்ட முடியும்னு இருந்துச்சி."

"அந்த ஒருத்தர் நானா?"

"நீ போற வூட்ல போட்டுக்குவாங்கன்னு நெனச்சேன். உனக்கு இன்னா வரப்போவுது, நல்லா ஓடியாடிகினு இருக்கறவன்னு நெனச்சேன்."

"அந்த இடந்தான் ஆனியிலயே இல்லன்னு ஆயிடுச்சே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

கிண்ணத்துத் தண்ணீரை மாற்றி ஊற்றினார். நான் கொடுத்த பணத்தைப் பற்றிக் கேட்டேன். அதையும் சேர்த்துத்தான் கட்டினேன் என்றார். பொய் சொல்லவில்லை. எனக்குக் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. மற்றதையெல்லாம்கூட எப்படியோ புரிந்துகொள்ள முயன்றிருப்பேன்.

"பாவாவ நான் அப்பிடித் திட்டினேனே. போன நீங்கதானே புடிச்சிகினு இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்ல முடியலியா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சை நனைத்து என் உதட்டுக்குக் கொண்டுவந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தேன். தாகமாக இருந்தது. உதட்டைக் கொடுத்தேன்.

அம்மாவிடமும் கேட்டேன். சொன்னால் நீ சண்டை போடுவாய், பரீட்சை நேரத்தில் மனசு கெட்டுவிடும், சாமி புண்ணியத்தில் ஒன்றும் ஆகாமல் ஒரு வருடம் போய்விடும் என்று நினைத்தேன் என்றாள். எல்லாம் என் நல்லதுக்காக நினைத்தவையாகவே இருந்தன. ஒருவர்கூட என்னைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்திருக்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அந்த வித்தியாசத்தை நானே கட்டியிருப்பேன். எங்கே, எப்படிக் குறைக்கலாம் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

குழாய் வழியாகக் கல்லை எடுத்த நாள் எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள், வாயில் ஒரு வளையத்தை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள், தொண்டையில் கசப்பு மருந்து அடித்தார்கள். கண் விழித்தபோது தொண்டை எரிந்தது. முதுகுவலி மட்டும் இல்லை. அது இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டிருந்தேன். அடுத்த நாள் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு கஞ்சித் தண்ணீர். சாந்தா அக்கா தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நான் குடிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தார். புரட்டாசி முடியும்போது மறுபடி வரச்சொல்லி, தொப்புள் பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரி எங்களிடம் காசு கேட்கவில்லை. யாருடைய அட்டையையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முரளி பாவா பார்க்க வந்தார். சாத்துக்குடியை வைத்துவிட்டு வாசல் பக்கமாகவே உட்கார்ந்தார். அன்று பேசியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"நான் சொல்லிப் பாத்தேன் பவி. ரெண்டு வருசம் இப்பதான் முடிஞ்சிருக்குது மாமா, இனிமேதான் அவளுக்குப் பிரயோஜனம், இப்ப போயி எடுக்காதீங்கன்னு. மாமா கேக்கல."

"எங்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாமே பாவா."

"பாலிசி அவரு பேர்ல இருக்குது. அவரு சொல்றததான் நான் செய்யணும்." சொல்லிவிட்டு அவருக்கே அது போதவில்லை போல. "சொல்லியிருக்கணும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையை எனக்கு வேறு யாரும் தரவில்லை. நைனா எனக்காக ஆட்டுக்கால் சூப் வைக்கச் சொல்லுவார், பிறகு கொழுப்பு ஆகாது என்று ஞாபகம் வந்து அவரே வேண்டாம் என்பார். நான் கல்லூரிக்குத் திரும்பியபோது தினமும் ஸ்டேஷன்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். ரயில் வரும்வரை கூடவே நிற்பார். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

மார்ச்சில் எனக்கென்று தனியாக ஒரு பாலிசி எடுத்தேன். வருமானம் இல்லாத மாணவிக்கும் கொடுக்கிறார்கள், சின்னத் தொகைக்கு. கம்பெனியிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்து, முன்பு ஏதாவது நோய், அறுவை சிகிச்சை உண்டா என்று கேட்டார். கணைய வீக்கம், குழாயில் கல், பித்தப்பை எடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது பாலிசி எடுப்பதாக இருந்தால் அதை மட்டும் மறைத்துவிடாதீர்கள். மறைத்தால் பின்னால் தரமாட்டார்கள். கணையம் சம்பந்தப்பட்ட எதற்கும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். நான் ஏற்கெனவே கட்டி முடித்திருந்த இரண்டு வருடம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஏப்ரலில் வீட்டு பாலிசிக்குப் புதுப்பிக்கும் நாள் வந்தது. நைனா என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கால் நடுவில் ஒரு மோட்டாரைக் கவிழ்த்து வைத்துப் பழைய கம்பியை உருவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுத் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"நீயே பாத்துக் கட்டிடும்மா. எனக்கு இதெல்லாம் வரல."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து திறந்தேன். மூன்று பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் என்ன கேட்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. உறுதியாகவா என்று கேட்குமா, காரணம் கேட்குமா? நான் அழுத்திப் பார்க்கவில்லை. மூன்று பேரையும் அப்படியே வைத்துக் கீழே நகர்த்தினேன்.

"உன் பேரையும் சேரு" என்றார் நைனா. கம்பியை உருவுவதை நிறுத்தியிருந்தார். "எவ்ளோ ஆனாலும் பரவால்ல."

"வேணாம் நைனா. எனக்குத் தனியா இருக்குது."

"எப்ப எடுத்த?"

"போன மாசம்."

அவர் என்னைப் பார்த்தார். "சொல்லவே இல்லியே" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் காத்திருந்தேன். ரோட்டில் திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போன பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் குனிந்து மோட்டாரை மறுபக்கம் புரட்டினார். நான் பணத்தைக் கட்டி, போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து நடந்தேன்.